பேரை மாத்து, கதவைத் திறக்கறேன்

ஒரு நாட்டுக்கு என்ன பெயர் என்று யார் முடிவு செய்ய வேண்டும்?

இதென்ன கேள்வி, அந்த நாட்டுக்காரர்கள்தான் என்பீர்கள். நியாயம். நம் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நாம்தான் பெயர் வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, 'அது எங்க கொள்ளுத் தாத்தா பேரு, நீ வைக்கக்கூடாது' என்று சண்டைக்கு நின்றால் என்ன செய்வோம்? சிரிப்போம். ரொம்பப் போனால் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் காலனி சங்கத்தின் பழைய மெம்பர், அவர் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கனெக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க முடியாது. பிள்ளையின் பெயரை மாற்றலாமா என்று ராத்திரி உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிடுவோம்.

மாசிடோனியாவின் கதை இதுதான். ஐரோப்பா என்கிற காலனியில் சேர்வதற்காகத் தன் பெயரை மாற்றிக்கொண்ட நாடு. பெயரை மாற்றிய பிறகும் வாசலிலேயே நிற்கிற நாடு.

ஐரோப்பிய யூனியனுக்கு ஒரு பெருமை உண்டு. ராணுவத்தால் அல்ல, அழைப்பிதழால் நாடுகளை வெல்கிறோம் என்பார்கள். 'எங்களோடு சேருங்கள், உங்கள் ஜனநாயகம் சரியாகும், உங்கள் கோர்ட் சரியாகும், உங்கள் சண்டையெல்லாம் தீரும்.' பல இடங்களில் அது உண்மையும்கூட. 2004-ல் ஒரே நாளில் பத்து நாடுகள் உள்ளே வந்தன. அதில் எட்டு, கம்யூனிஸ ஆட்சியிலிருந்து மீண்டவை. அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

கூடவே இன்னொரு வசனமும் பேசுவார்கள். மக்களின் சுயநிர்ணய உரிமை. ஒரு மக்கள் கூட்டம் தன் தலைவிதியைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம் என்கிற உயர்ந்த தத்துவம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க மாசிடோனியாவைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது.

வாருங்கள், ஆரம்பத்திலிருந்து பார்த்துவிடலாம்.

அன்னை தெரசா தெரியுமல்லவா? அவர் பிறந்த ஊர் ஸ்கோப்யே. 1910-ல் அவர் பிறந்தபோது அது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. பிறகு செர்பியா, பிறகு யூகோஸ்லாவியா. இன்றைக்கு மாசிடோனியாவின் தலைநகரம். கடல் கிடையாது. சுற்றிலும் கிரீஸ், பல்கேரியா, செர்பியா, கொசாவோ, அல்பேனியா. 2021 சென்சஸ்படி ஜனத்தொகை சுமார் 18 லட்சம். அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் அல்பேனியர்.

1991-ல் யூகோஸ்லாவியா உடைந்தது. ஸ்லோவேனியாவும் க்ரோயேஷியாவும் பிரிந்தபோது துப்பாக்கி வெடித்தது. போஸ்னியாவில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, உலகமே பார்த்தது. மாசிடோனியா மட்டும் 1991 செப்டம்பர் 8 அன்று அமைதியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அமைதியாக வெளியேறியது. யூகோஸ்லாவிய ராணுவமும் அடுத்த வருடம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. யுத்தமே இல்லை. பாடப் புத்தகத்தில் போடலாம், சுயநிர்ணயம் என்றால் இப்படித்தான் நடக்கணும் என்று.

அப்போது ஐரோப்பா என்ன செய்தது? ஒரு கமிஷன் போட்டது. தலைவர் ராபர்ட் பாதாந்தே. பிரான்ஸில் 1981-ல் மரண தண்டனையை ஒழித்துக்கட்டிய சட்ட அமைச்சர். சாதாரண ஆள் இல்லை. எந்தெந்தப் புதிய நாட்டை அங்கீகரிக்கலாம் என்று அவர் கமிஷன் பரீட்சை வைத்து மார்க் போட்டது. 1992 ஜனவரியில் ரிசல்ட் வந்தது.

ஸ்லோவேனியா பாஸ். மாசிடோனியா பாஸ். அதன் பெயரால் பக்கத்து நாட்டு நிலத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றுகூட கமிஷன் எழுதியது. க்ரோயேஷியா? சிறுபான்மையினர் பாதுகாப்பில் குறை இருக்கிறது, முதலில் அதைச் சரி செய்யட்டும் என்றது.

ஜனவரி 15-ம் தேதி ஐரோப்பா அங்கீகரித்த நாடுகள் எவை தெரியுமா? ஸ்லோவேனியா, க்ரோயேஷியா.

அதாவது, அரியர்ஸ் வைத்தவன் பாஸ். பாஸானவன் ஃபெயில். க்ரோயேஷியாவுக்காக ஜெர்மனி நின்றது. பரீட்சை ரிசல்ட் வருமுன்பே, 1991 டிசம்பரிலேயே, தன்னளவில் அங்கீகாரம் கொடுத்துவிட்டது. மாசிடோனியாவுக்காக நிற்க யாருமில்லை. எதிர்த்து நிற்க மட்டும் ஒருவர் இருந்தார். கிரீஸ்.

கிரீஸின் வாதம் என்ன? அதையும் கேட்டுவிடுவோம். ஒரு பக்கக் கதை சொல்லக்கூடாது.

கிரீஸின் வடக்கே ஒரு பிராந்தியம் இருக்கிறது. அதன் பெயரும் மாசிடோனியா. தலைநகர் தெசலோனிகி. மாவீரன் அலெக்சாண்டர் பிறந்த மண். 'எங்கள் சரித்திரத்தைத் திருடுகிறான், நாளைக்கு எங்கள் நிலத்தையும் கேட்பான்' என்பது அவர்கள் பயம். 1940-களின் உள்நாட்டுப் போரில் வடக்கு எல்லையில் ரத்தம் சிந்தியவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை வெறும் நடிப்பு என்று தள்ள முடியாது. ஸ்கோப்யேகாரர்களும் சும்மா இருக்கவில்லை. புதிய கொடியில் பண்டைய மாசிடோனிய மன்னர்களின் சூரியச் சின்னத்தைப் போட்டுக்கொண்டார்கள். பிற்பாடு நிகோலா க்ருயெவ்ஸ்கி பிரதமரானதும், விமான நிலையத்துக்கு அலெக்சாண்டர் பெயர், ஊர் நடுவே குதிரை மீது பிரம்மாண்டமான ஒரு வீரன் சிலை என்று வேண்டுமென்றே கொம்பு சீவினார். ஆறாம் நூற்றாண்டுவாக்கில் வந்து குடியேறிய ஸ்லாவ் இனத்தாருக்கு அலெக்சாண்டர் எப்படித் தாத்தா ஆவார் என்று கேட்டால் பதில் கிடையாது.

சரி. இது இரண்டு நாடுகளுக்கு இடையிலான வழக்கு. வழக்கு என்றால் எங்கே போகணும்? கோர்ட்டுக்கு. அல்லது நடுவர் முன்பு. அந்த நடுவர் தீர்ப்புதான் வந்துவிட்டதே! ஐரோப்பாவே நியமித்த நடுவர். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, 1992 ஜூனில் லிஸ்பன் உச்சி மாநாட்டில் ஐரோப்பியத் தலைவர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். அந்த நாட்டை அங்கீகரிக்கிறோம், ஆனால் 'மாசிடோனியா' என்கிற சொல் பெயரில் இருக்கக்கூடாது.

வேறு என்னதான் வைத்துக்கொள்வது? அதைச் சொல்லவில்லை.

1993 ஏப்ரலில் ஐ.நா. சபையில் இடம் கிடைத்தது. என்ன பெயரில்? 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசான மாசிடோனியா' என்கிற தாற்காலிகப் பெயரில். ஒரு நாட்டின் பெயரே 'முன்னாள்' என்று ஆரம்பிக்கிறது! 'எம்' எழுத்து வரிசையில் உட்கார கிரீஸ் ஒப்புக்கொள்ளாது. 'எஃப்' வரிசையில் உட்கார மாசிடோனியாவுக்கு மனம் வராது. கடைசியில் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'தி' இருக்கிறதே, அந்த எழுத்துக்காக 'டி' வரிசையில் தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். சுயநிர்ணயம் எந்த எழுத்தில் உட்காருவது என்கிற அளவுக்கு வந்து நின்றது.

1994 பிப்ரவரியில் கிரீஸ் எல்லையை மூடியது. தெசலோனிகி துறைமுகம்தான் அந்தக் கடலில்லாத நாட்டின் மூச்சுக்குழாய். வடக்கே செர்பியா மீது ஐ.நா. தடை. தெற்கே கிரீஸ் பூட்டு. ஒன்றரை வருடத்துக்கு மேல் பட்டினி போட்டபின், 1995-ல் இடைக்கால ஒப்பந்தம் கையெழுத்தானது. மாசிடோனியா கொடியை மாற்றிக்கொண்டது. பதிலுக்கு, தாற்காலிகப் பெயரில் எந்தச் சர்வதேச அமைப்பில் சேர்ந்தாலும் தடுக்கமாட்டோம் என்று கிரீஸ் எழுதிக் கொடுத்தது.

எழுதிக் கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2003 ஜூன். ஐரோப்பியத் தலைவர்கள் கூடி, பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஐரோப்பிய யூனியனுக்குள்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். எந்த ஊரில் கூடினார்கள்? தெசலோனிகியில். கிரேக்க மாசிடோனியாவின் தலைநகரில். இதைவிடக் கிண்டலான இடத்தை ஒரு கதாசிரியரால்கூடத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அந்த வாக்கை நம்பி 2004 மார்ச்சில் மாசிடோனியா விண்ணப்பம் போட்டது. 2005 டிசம்பரில் வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2009-ல் ஐரோப்பியக் கமிஷனே, 'பேச்சுவார்த்தையைத் தொடங்கலாம், தயாராக இருக்கிறார்கள்' என்று சிபாரிசு செய்தது. கிரீஸ் முடியாது என்றது. அதற்கு முந்தைய வருடம் நேட்டோ வாசலிலும் அதே கதை. எழுதிக் கொடுத்தது என்ன ஆச்சு? மாசிடோனியா ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2011 டிசம்பர் 5. தீர்ப்பு: கிரீஸ் ஒப்பந்தத்தை மீறிவிட்டது. பதினைந்துக்கு ஒன்று என்கிற வாக்கு வித்தியாசத்தில்.

ஜெயித்தாயிற்று. கதவு திறந்ததா? இல்லை.

இரண்டு முறை நடுவர் தீர்ப்பு. இரண்டு முறையும் மாசிடோனியா பக்கம். இரண்டு முறையும் பலன் பூஜ்யம். சட்டத்தின் ஆட்சியைக் கற்றுக்கொண்டு வா என்று உலகத்துக்குப் பாடம் எடுக்கிற யூனியன், தன் வாசலில் நிற்பவனுக்குச் சட்டம் கொடுத்த தீர்ப்பைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது 2018-க்கு வருவோம்.

மாசிடோனியாவில் ஸோரான் ஸாயெவ் பிரதமர். கிரீஸில் அலெக்ஸிஸ் ஸிப்ராஸ். இரண்டு பேரும் தைரியசாலிகள். ஜூன் 17 அன்று, இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்ளும் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் போட்டார்கள். நாட்டின் பெயர் இனி 'வடக்கு மாசிடோனியா'. வெளியில் மட்டுமில்லை, உள்ளூரிலும். அரசியல் சாசனம், பாஸ்போர்ட், கார் நம்பர் பலகை, எல்லாவற்றிலும். அலெக்சாண்டர் பெயரை விமான நிலையத்திலிருந்து ஸாயெவ் ஏற்கெனவே எடுத்துவிட்டார். பதிலுக்கு, மொழியின் பெயர் 'மாசிடோனிய மொழி' என்பதை கிரீஸ் ஏற்கும். யூனியன், நேட்டோ இரண்டுக்கும் வழிவிடும்.

செப்டம்பர் 30-ல் மக்களிடம் கேட்டார்கள். கேள்வியைப் பாருங்கள். கிரீஸுடனான ஒப்பந்தத்தை ஏற்று, ஐரோப்பிய யூனியனிலும் நேட்டோவிலும் சேர உங்களுக்குச் சம்மதமா? 'பெயரை மாற்றலாமா' என்று கேட்கவில்லை. மிட்டாயை முன்னால் வைத்து மாத்திரையைப் பின்னால் ஒளித்துக் கொடுத்த கேள்வி. ஓட்டுக்கு முன்னால் ஜெர்மனியின் ஆங்கெலா மெர்க்கெலே ஸ்கோப்யேவுக்கு நேரில் வந்து பேசிவிட்டுப் போனார். ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் 'சரி' என்றார்கள். ஆனால் ஓட்டுப் போட வந்ததே சுமார் 37 சதவீதம். பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சுயநிர்ணயத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சரி, மக்கள் தயாராகவில்லை, பொறுங்கள்' என்று. ஐரோப்பா கை தட்டியது. மேலே போ, மேலே போ என்றது. 2019 ஜனவரி 11-ல் நாடாளுமன்றத்தில் 120-க்கு 81 ஓட்டு வாங்கி, மூன்றில் இரண்டு பங்கைத் தட்டுத் தடுமாறித் தாண்டி, சாசனத்தைத் திருத்தினார்கள். கிரேக்க நாடாளுமன்றமும் 153-க்கு 146 என்று நூலிழையில் ஒப்புக்கொண்டது. பிப்ரவரி 12. ஒரு நாட்டின் பெயர் மாறியது.

நான் பி.காம் படித்தவன். மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் முதல் பாடமே ஒப்பந்தம்தான். ஒருவர் ஏதாவது கொடுத்தால், மற்றவர் பதிலுக்கு ஏதாவது கொடுத்தாகணும். அதற்குக் கன்ஸிடரேஷன் என்று பெயர். அது இல்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது. மாசிடோனியா தன் பங்கைக் கொடுத்தது. கொஞ்சநஞ்சமல்ல, பெயரையே கொடுத்தது. கணக்கில் குட்வில் என்று ஒரு சொத்தை எழுதுவோம். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. ஆனால் கடையை விற்கும்போது எல்லாவற்றையும்விட அதற்குத்தான் விலை அதிகம். ஒரு நாட்டுக்குப் பெயர்தான் குட்வில். அதை விற்றாயிற்று. முழுப் பணமும் இந்தப் பக்கத்திலிருந்து போயாச்சு. பத்திரப் பதிவு அன்றைக்கு எதிர்ப் பார்ட்டி ஆபீஸுக்கு வரவில்லை.

2019 அக்டோபரில் ஐரோப்பிய உச்சி மாநாடு. பேச்சுவார்த்தையைத் தொடங்கலாமா? பிரான்ஸின் எம்மானுவேல் மக்ரோன் முடியாது என்றார்.

கிரீஸ் அல்ல. பிரான்ஸ்!

மாசிடோனியா செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. 'புதிய மெம்பரைச் சேர்க்கும் முறையையே மாற்ற வேண்டும், முதலில் எங்கள் வீட்டை ஒழுங்குபண்ணிக்கொள்கிறோம்' என்பது மக்ரோனின் காரணம். அதை அவர் பெயர் மாறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே! ஓட்டு நடக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பேரை மாத்தியாச்சா, ரொம்ப சந்தோஷம், இப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், அப்புறம் வா என்றால் அதற்கு என்ன பெயர்? அப்போது ஐரோப்பியக் கமிஷன் தலைவராக இருந்த ழான் க்ளோத் யுங்கரே இதைச் சரித்திரத் தவறு என்றார். சொல்லிவிட்டுப் பதவிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

2020 மார்ச்சில் ஒருவழியாக பிரான்ஸ் இறங்கி வந்தது. அதே மாதம் நேட்டோவில் முப்பதாவது நாடாக இடமும் கிடைத்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், நவம்பரில் அடுத்த கை உயர்ந்தது. பல்கேரியா.

இந்தத் தடவை பெயர் பிரச்னை இல்லை. அதைவிட ஆழமான இடத்தில் கத்தி வைத்தார்கள். மொழி.

'மாசிடோனிய மொழி என்று ஒன்று கிடையாது. அது பல்கேரிய மொழியின் வட்டார வழக்கு. உங்கள் தேசிய வீரன் கோட்ஸே தெல்செவ் எங்கள் ஆள். உங்கள் சரித்திரப் புத்தகத்தைத் திருத்து.' இதுதான் கோரிக்கையின் சாரம். தெல்செவ் 1903-ல் துருக்கிப் படைகளால் கொல்லப்பட்ட புரட்சிக்காரர். பிறந்த ஊர் இன்றைக்கு கிரீஸில் இருக்கிறது. எலும்புகள் சோஃபியாவில் இருந்து, 1946-ல் ஸ்கோப்யேவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே ஒரு தேவாலயத்தில் இருக்கின்றன. அவர் யார் என்று சரித்திர ஆசிரியர்கள் நூறு வருடம் விவாதிக்கலாம். தாராளமாக. ஆனால் அதற்கும் கோதுமை மானியத்துக்கும் என்ன சம்பந்தம்? கோர்ட் சீர்திருத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப் போரில் பல்கேரியப் படைகள் மாசிடோனியாவைப் பிடித்து வைத்திருந்தன. 1943 மார்ச்சில் அங்கிருந்த 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்துக் கொடுத்தன. அவர்கள் போன இடம் ட்ரெப்ளிங்கா. அங்கே விஷவாயு. இதைப் பேரன் பேத்திகளின் பாடப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்பதும் அந்தச் சண்டையில் அடக்கம். பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். 2017-லேயே இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, சரித்திர அறிஞர்கள் குழு ஒன்றும் அமைத்திருந்தார்கள். அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டோவைக் காட்டினால், அந்தப் பேச்சில் ஒரு தரப்பின் கழுத்தில் கத்தி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

2022-ல் பிரான்ஸ் ஒரு சமரசம் கொண்டுவந்தது. ஆம், அதே பிரான்ஸ். மாசிடோனியா தன் அரசியல் சாசனத்தில் பல்கேரியர்களையும் ஒரு மக்கள் பிரிவாகச் சேர்க்க வேண்டும். 2021 சென்சஸில் தங்களைப் பல்கேரியர் என்று சொல்லிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? 3,504. அந்த 3,504 பேருக்கும் எல்லா உரிமையும் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் பேரை மாற்றச் சாசனத்தை ஒரு முறை திருத்தியவர்களிடம், 'இன்னொரு முறை திருத்து, அப்புறம் பேசலாம்' என்றால் அவன் என்ன நினைப்பான்? இதுதான் கடைசி என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கமாட்டானா?

கேட்டான். ஸ்கோப்யே தெருக்களில் கூட்டம் கூட்டமாக நின்று கேட்டான். நாடாளுமன்றம் 68 ஓட்டில் சமரசத்தை ஏற்றது. ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் பேச்சுவார்த்தை 'தொடங்கியது' என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாசனம் திருந்தும்வரை ஒரு அத்தியாயமும் திறக்காது என்பது போட்டோவில் தெரியாது. சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அது கிடைக்கவே இல்லை. 2024 மே தேர்தலில், இப்படிக் கட்டளைக்குப் பணிந்து திருத்தமாட்டோம் என்ற கட்சி பெரிய வெற்றி பெற்றது. புதிய ஜனாதிபதி கோர்தானா ஸில்யானோவ்ஸ்கா பதவியேற்பு மேடையில் நாட்டை 'மாசிடோனியா' என்று மட்டும் சொன்னார். கிரேக்கத் தூதர் எழுந்து வெளியே போனார். அதே வருடம் கூடவே நின்றிருந்த அல்பேனியாவை யூனியன் தனியாகப் பிரித்து முன்னால் அனுப்பிவிட்டது.

இதற்கு 'வாக்குத் தவறுதல்' என்று பெயர் வைத்தால் போதாது. பெயரைக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு தேசத்துக்கு, சமரசம் செய்பவன் முட்டாள் என்று பாடம் எடுத்திருக்கிறார்கள். ஸாயெவ் 2021-ல் உள்ளாட்சித் தேர்தலில் அடி வாங்கி, ராஜினாமா அறிவித்தார். ஸிப்ராஸும் 2019-லேயே தோற்றுப் போனார். கொம்பு சீவிய க்ருயெவ்ஸ்கி? ஊழல் வழக்கில் தண்டனை பெற்று, 2018-ல் ஜெயிலுக்குப் போகாமல் ஓடினார். எங்கே? ஹங்கேரிக்கு. அடைக்கலம் கொடுத்த ஹங்கேரி, ஐரோப்பிய யூனியனின் முழு மெம்பர். மெம்பராகத் துடித்தவர் வாசலில். மெம்பர்ஷிப்புக்குக் குழி பறித்தவர் உள்ளே, சொகுசாக.

'சார், இது ஒரு சின்ன நாட்டின் துரதிர்ஷ்டம். இதை வைத்து மொத்த ஐரோப்பாவையும் திட்டலாமா?' என்று கேட்கலாம். அப்படியானால் அக்கம்பக்கம் பாருங்கள்.

சைப்ரஸ். 2004 ஏப்ரல் 24. தீவை இணைக்கும் ஐ.நா. திட்டத்துக்கு வாக்கெடுப்பு. துருக்கிய சைப்ரியர்கள் சுமார் 65 சதவீதம் 'சரி' என்றார்கள். கிரேக்க சைப்ரியர்கள் சுமார் 76 சதவீதம் 'முடியாது' என்றார்கள். ஒரே வாரத்தில், மே 1 அன்று, முடியாது என்றவர்கள் யூனியனுக்குள். சரி என்றவர்கள் இன்னும் வெளியே.

கொசாவோ. 2008-ல் சுதந்திரம் அறிவித்தது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் அங்கீகரித்தன. அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010-ல் சர்வதேச நீதிமன்றமும் ஆலோசனைக் கருத்து சொன்னது. ஆனால் ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாகியா, சைப்ரஸ் ஆகிய ஐந்தும் அங்கீகரிக்கவில்லை. அதனால் யூனியன் என்ன செய்தது? 2012-ல் ஒரு ஏற்பாடு. பால்கன் கூட்டங்களில் கொசாவோ என்று எழுதும்போது பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடணும். அடியில் குறிப்பு: இந்தப் பெயர், அதன் அந்தஸ்து பற்றிய யாருடைய நிலையையும் பாதிக்காது! சீட்டுக் கம்பெனி விளம்பரத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அதுபோல ஒரு தேசத்துக்கே பொடி எழுத்து.

கொசாவோ அல்பேனியர்களுக்குச் சுயநிர்ணயம் உண்டு. கேட்டலோனியாவுக்கு? 2017-ல் அவர்கள் வாக்கெடுப்பு நடத்தியபோது, அது ஸ்பெயினின் உள்விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கொசாவோவில் ஊர் ஊராக ஜனங்களைத் துரத்தினார்கள், கேட்டலோனியாவில் அப்படி இல்லை. பெரிய வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தை அளக்கிற அளவுகோல் என்ன, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி எப்படி வைப்பது என்று ஐரோப்பா ஒரு முறையாவது உட்கார்ந்து எழுதியதா? எழுதியது. 1991-ல், பாதாந்தே கமிஷன் பெயரில். அதற்கு நேர்ந்த கதியைத்தான் பார்த்தோமே.

எழுதப்படாத அளவுகோலுக்கு ஆபத்தான ஒரு பயன் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2014 மார்ச்சில் ரஷ்யப் படைகளின் துப்பாக்கி நிழலில் க்ரிமியா 'சுதந்திரம்' அறிவித்தபோது, அந்த அறிக்கையில் எதை ஆதாரமாகக் காட்டினார்கள் தெரியுமா? கொசாவோ பற்றிய அதே நீதிமன்றக் கருத்தை. வாதம் பொய்தான். ஆனால் பொய்க்குக் கடன் கொடுத்தது யார்?

2022-ல் ரஷ்யா உக்ரைன்மேல் பாய்ந்தது. பிப்ரவரி 28-ல் உக்ரைன் விண்ணப்பம். ஜூனில் வேட்பாளர் தகுதி. நான்கு மாதம்கூட ஆகவில்லை. குண்டு விழுகிற வீட்டுக்காரனுக்கு உடனே கதவைத் திறந்தது சரிதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஸ்கோப்யேவில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு என்ன புரியும்? யுத்தம் வந்தால் நான்கு மாதம். சமாதானமாக இருந்தால் இருபது வருடம். இந்தப் பாடத்தையா பால்கனில் கற்பிப்பது?

இதற்கு ஐரோப்பாவின் வழக்கமான பதில்: 'எங்கள் விதி அப்படி. எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்கணும்.' உண்மை. இருபத்தேழு நாடுகளில் ஒன்று தலையை ஆட்டாவிட்டாலும் நின்றுவிடும். அதுவும் கடைசியில் ஒரு முறை அல்ல. மொத்தம் 35 அத்தியாயங்கள். தொடங்குவதற்கு ஒருமனம், ஒவ்வொன்றையும் திறக்க ஒருமனம், மூட ஒருமனம். கறாராக இருப்பதில் தப்பில்லை, அவசரப்பட்டுச் சேர்த்தால் ஹங்கேரி மாதிரி பின்னால் தலைவலி என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஊழலுக்காக, கோர்ட்டுக்காக, பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் நிறுத்தி வையுங்கள். மாசிடோனியாவில் அந்தக் குறைகள் ஏராளம். ஆனால் நிறுத்தியது அதற்காக இல்லையே! பெயருக்காக. மொழிக்காக. நூறு வருடத்துக்கு முன் செத்த ஒரு வீரனின் சாதிச் சான்றிதழுக்காக.

இந்த வீட்டோ ஒரு தொற்று வியாதி. ஸ்லோவேனியாவை சொத்துத் தகராறில் இத்தாலி இழுத்தடித்தது. உள்ளே போன ஸ்லோவேனியா, ஒரு வளைகுடாத் தகராறுக்காக க்ரோயேஷியாவின் பேச்சுவார்த்தையை 2008-ல் நிறுத்தியது. பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஏறுகிறவரைக்கும் 'கொஞ்சம் உள்ள தள்ளுங்க சார்', ஏறியதும் 'இடமில்லை, அடுத்த வண்டியில வாங்க.' நம் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராவது ஒரு அதட்டல் போடுவார். அங்கே கண்டக்டரும் பயணிதான்.

மருந்து இல்லாமல் இல்லை. முதலில், நடுவில் வருகிற ஒவ்வொரு படிக்கும் ஒருமனம் வேண்டாம், பெரும்பான்மை போதும் என்று வையுங்கள். கடைசி முடிவுக்கு மட்டும் எல்லோரும் கை தூக்கட்டும். இரண்டாவது, எல்லை, பெயர், சரித்திரம் எல்லாம் கோர்ட்டுக்கோ நடுவருக்கோ போகட்டும். தீர்ப்பு வந்தால் மெம்பரும் கட்டுப்படணும். மூன்றாவது, ஒரு மக்கள் தங்களையும் தங்கள் மொழியையும் என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள் என்பது பேரத்துக்கு வராது என்று எழுதி வையுங்கள். ஐரோப்பாவில் இதைச் செய்யத் தேவையான வக்கீல்களும் பேனாக்களும் நிறையவே இருக்கிறார்கள். மனசுதான் வேண்டும்.

அது முடியாது என்றால், நேர்மையாக இன்னொன்றைச் செய்யலாம். 'உங்களைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை' என்று சொல்லிவிடலாம். வலிக்கும். ஆனால் அந்த வலியோடு ஒரு தேசம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும். ஒன்றை மாற்றினால் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதைவிட அது கௌரவம்.

கொடியைக் கேட்டார்கள், மாற்றினான். பெயரைக் கேட்டார்கள், மாற்றினான். இப்போது சாசனத்தையும் சரித்திரத்தையும் கேட்கிறார்கள். அதையும் மாற்றிவிட்டு அவன் ஒரு நாள் உள்ளே வந்தால், வந்தவன் யார் என்று ஐரோப்பாவுக்கே அடையாளம் தெரியாது.